ஈயம் கோத்த திரைச்சீலை

கோட்டை எப்படியிருக்கும் என்று கேட்டால் பக்கீர் மச்சான் "கல்லு" என்பார். கல்லடிப் பாலம் எப்படி என்று கேட்டால் "இரும்பு". முகத்துவாரத்து வெளிச்சவீடு? "உசரம்." அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. கையை அலம்பிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்துவிடுவார். ஸாலிஹா ராத்தா சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கோபம் எவ்வளவு என்று பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு வீடும் காத்தான்குடியில் ஒரே வளவுக்குள் இருந்தன. ராத்தா என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின், மகள். சாச்சி மௌத்தான பிறகு என் உம்மாதான் அவரை வளர்த்து, எங்கள் வழக்கப்படி வீட்டையும் அவர் பேரில் எழுதி, பக்கீர் மச்சானுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார். ராத்தாவின் வாப்பா விட்டுப்போன கூடார வண்டிலும் ஒரு சோடி மாடும் சீதனத்தோடு வந்தன. பக்கீர் மச்சான் அந்த வண்டிலை ஓட்டித்தான் குடும்பத்தைப் பார்த்தார். ரயில் வந்த பிறகு அந்த வண்டிலுக்கு ஒரு புதுத் தொழில் கிடைத்தது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஊர் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கோட்டை, பாலம், முகத்துவாரம் என்று சுற்றிக் காட்டுவது. எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன இடங்களை ராத்தா பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவருடைய வண்டில்தான் நாள்தோறும் அங்கே போய் வந்துகொண்டிருந்தது.

சும்மா ஒரு ஆசையென்று இதைச் சொல்ல முடியாது. சின்ன வயதிலேயே அவருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

அப்போது பாலம் இல்லை. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். கல்லடித் துறையில் ஆற்றைக் கடக்க ஒரு பெரிய தெப்பம் இருந்தது. அதற்குப் பாதை என்று பெயர். வண்டில், மாடு, சனம் எல்லாவற்றையும் அதில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். ராத்தாவின் வாப்பா தேங்காய் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போகும்போது ராத்தாவை முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவாராம். துறையோடு சரி. பிள்ளையை யாராவது தெரிந்தவரிடம் விட்டுவிட்டு அவர் மட்டும் பாதையில் ஏறிவிடுவார். ராத்தா கரையில் நின்று பார்ப்பார். தூரத்தில் புளியந்தீவு. அதன் ஓரத்தில் தண்ணீருக்குள்ளிருந்து எழும்பின மாதிரி ஒரு நீட்டு மதில். அதுதான் கோட்டை.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க வாப்பா."

"பாலம் போடப் போறாங்க மகள். பாலம் முடியட்டும். உன்ன வண்டிலோட கூட்டிட்டுப் போய்க் கோட்டை, முகத்துவாரம் எல்லாம் காட்டுறன்."

பாலம் கட்டி முடிவதற்குள் ராத்தா பெரிய பிள்ளையாகிவிட்டார். திறப்பு நாளன்று ஊரே கல்லடிக்குப் போயிற்று என்று உம்மா சொல்வார். ஊர் என்றால் ஆண்கள். ராத்தாவின் தம்பி வாப்பாவின் தோளில் உட்கார்ந்து போய் வந்தான். பாலம் எப்படியடா என்று ராத்தா அவனைப் பிடித்து உலுக்கிக் கேட்டபோது, "எனக்குப் பூந்தி வாங்கித் தந்தாங்க" என்றானாம். அன்றைக்கே அவனை ஒரு அறை அறைந்திருக்க வேண்டும் என்று, அவனுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் ராத்தா சொல்லிக்கொண்டிருந்தார்.

வாப்பாவும் நெடுங்காலம் இருக்கவில்லை. வாக்கு அப்படியே நின்றுபோயிற்று. மச்சான் வந்த பிறகு ராத்தா அதை அவரிடம் கைமாற்றப் பார்த்தார். மச்சானோ சாதுவான மனிதர். ஊர் வாய்க்கு அவருக்கு மெத்தப் பயம். ஒரு பெண்சாதியை ஊர் பார்க்கவென்று வண்டிலில் ஏற்றிக்கொண்டு போன மனிதன் அதுவரை எங்கள் தெருவில் இருந்ததில்லை. கல்யாணவீடு, மையித்துவீடு, ஆஸ்பத்திரி என்றால் போகலாம். பார்க்கப் போகிறோம் என்று போக முடியாது.

பின்னேரங்களில் மச்சான் மாட்டை அவிழ்த்த பிறகு வண்டிலைக் கூட்டுவது ராத்தாவின் வேலை. ஈர்க்குமாற்றோடு உள்ளே ஏறினால் சுணங்கித்தான் இறங்குவார். தட்டில் ஒட்டியிருக்கிற மணலைக் கையில் எடுத்துப் பார்ப்பார். ஒருநாள் சிப்பி ஓடு கிடைக்கும். இன்னொரு நாள் யாரோ வெள்ளைக்காரப் பிள்ளை தின்று போட்ட ஆரஞ்சுத் தோல்.

"இண்டைக்கு முகத்துவாரம் போனீங்க என்ன?"

"ஓம்."

"தண்ணி மணல்மேட்ட உடைச்சிட்டா, ஆத்துவாய் இன்னும் மூடித்தான் இரிக்கா?"

"மூடித்தான்."

"கடல் தெரியுமா அங்க நிண்டா?"

"கடல் தெரியாம?"

கேள்விக்குக் கேள்வி வந்தால் அன்றைக்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த நாட்களில் ஒரேயொரு தரம் ராத்தா பாலத்தைக் கடந்தார். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

ஏறாவூரில் உம்மாவின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. காத்தான்குடியிலிருந்து ஏறாவூருக்குப் போக வேண்டுமானால் கல்லடிப் பாலத்தில்தான் ஏறவேண்டும். ராத்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்கள் போகிற வண்டிலுக்கு முன்னும் பின்னும் திரை கட்ட வேண்டும். பழைய திரை நைந்துபோயிருந்தது. புதுத்திரை தைக்கிற வேலையை ராத்தா தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

தையலில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆளில்லை. அடுத்த தெரு நெசவுக்காரர்களிடம் நல்ல தடிப்பான துணியாக வாங்கி, இரண்டாக மடித்துத் தைத்தார். காற்றுக்குத் திரை தூக்கினால் வண்டிலில் போகிற பெண்களைத்தான் ஊர் பேசும். ஆகவே அடி மடிப்புக்குள் பாரம் வைக்க யோசித்தார். ஆரையம்பதியிலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அன்னப்பூரணியிடம் வலைக்குக் கோக்கிற ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கினார்.

"என்ன புள்ள, வலை வீசப் போறயா?" என்று கேட்டுக்கொண்டு அன்னப்பூரணி மடியிலிருந்து அவிழ்த்துக் கொட்டினாள். "என்ட மனுசன் தேடுவாரு. வேலை முடிஞ்சாத் திருப்பித் தந்திரு."

"பாலத்தால நடந்துதானே போறீங்க மார்க்கட்டுக்கு? எப்படி இரிக்கும்கா?"

"பாலமா?" அன்னப்பூரணி கூடையைத் தலையில் தூக்கி வைத்தபடி யோசித்தாள். "வெயிலில காலு சுடும்."

குண்டுகளை ஒவ்வொன்றாக மடிப்புக்குள் இட்டு, இடையிடையே தையல் போட்டு, கூடாரத்தின் விளிம்போடு இழுத்துக் கட்டக் கயிறும் வைத்துத் தைத்தார். கட்டிப் பார்த்தபோது கூடாரமே ஒரு பெட்டி மாதிரி ஆகிவிட்டது. உம்மா திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு திரைய நான் கண்டதேயில்ல" என்று மெச்சினார். பார்க்க வந்த பெண்களும் மெச்சினார்கள். ராத்தாவின் முகத்தில் பெருமை. இந்தத் திரைக்குள்தான் தானும் உட்காரப் போகிறோம் என்ற யோசனை அந்த நேரம் அவருக்கு வரவேயில்லை.

கல்லடி நெருங்கும்போதுதான் வந்தது. உள்ளே நாங்கள் நாலு பேர். உம்மா பின்பக்கக் கயிற்று முடிச்சின்மேல் சாய்ந்திருந்தார். வேர்வையும் அத்தர் மணமும் சேர்ந்து மூச்சுமுட்டியது. மண் ரோட்டில் அரைத்துக்கொண்டு வந்த வண்டிச் சில்லு திடீரென்று வேறு சத்தம் போட்டது. கீழே ஒன்றும் இல்லாத மாதிரி ஒரு முழக்கம்.

"பாலத்தில ஏறிட்டம்," என்றார் மச்சான், முன்னாலிருந்து.

ராத்தா திரையின் ஓரத்தில் விரலைக் கொடுத்தார். துணி அசையவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தார். ஈயக்குண்டுகள் பலகையில் மோதி கடகடவென்று சத்தம் வந்தது.

"கையை எடு," என்றார் உம்மா.

"காத்து வரட்டும் எண்டு, பெரியும்மா."

"காத்து ஏறாவூரிலயும் இரிக்கி."

மாட்டின் கழுத்துச் சலங்கை வேறு. பெண்கள் வண்டில் வருகிறது, ஒதுங்கி நில்லுங்கள் என்று ரோட்டுக்குச் சொல்வதற்காகக் கட்டுகிற சலங்கை அது. தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று ராத்தா காதைத் திரையோடு வைத்துப் பார்த்தார். சலங்கைதான் கேட்டது. முழக்கம் நின்றது. சில்லு மறுபடி மண்ணில் ஓடியது. அவ்வளவுதான். வரும்போது இருட்டிவிட்டது. நாங்கள் தூங்கிவிட்டோம். ராத்தா தூங்கியிருக்க மாட்டார்.

பிறகு ஊரில் யார் வீட்டுப் பயணமென்றாலும் அந்தத் திரையை இரவல் கேட்டு வந்தார்கள். "உங்கட கையால தைச்சதாமே, ராத்தா" என்பார்கள். ராத்தா எடுத்துக் கொடுப்பார்.

வருடங்கள் போயின. பிள்ளைகள் பிறந்தார்கள். மச்சானின் வண்டிலில் எத்தனையோ பேர் ஏறி இறங்கினார்கள். ராத்தா கேட்பதைக் குறைத்துக்கொண்டார். ஆசை போய்விட்டது என்று நான்கூட நினைத்தேன். அப்படியிருக்கும்போது ஒரு மாரிகாலத்தில் கொழும்பிலிருந்து பதியுதீன் முதலாளி அடுத்த தெரு நெசவுக்காரர்களிடம் சாரம் கொள்முதலுக்கு வந்தார். வழக்கமாகத் தனியாக வருகிறவர் இந்தமுறை பெண்சாதி நஸீறாவையும் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாவுக்கு ஊர் பார்க்க வேண்டுமாம்.

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு உம்மாவிடம் வந்தார். "மாமி, அவக்குத் துணையா இஞ்ச இருந்து ஒரு பொம்புள போனா நல்லம் எண்டு முதலாளி சொல்றாரு. தனியப் போறத்துக்கு அவ கூச்சப்படுறாவாம்."

உம்மா யோசித்தார். விருந்தாளி. கொழும்புக்காரர். துணை கேட்கிறார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "நானும் வாறன். ஸாலிஹாவும் வரட்டும். இவளும் வரட்டும்," என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

ராத்தா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தேங்காய் திருவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அன்று பின்னேரம் அவர் மச்சானிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பாலத்தில போகக்குள்ள கோட்டை எந்தப் பக்கம்?"

"இடக்கைப் பக்கம்."

ராத்தா பெட்டியிலிருந்து பின்பக்கத் திரையை எடுத்தார். இரண்டு துணியகலத்தைச் சேர்த்து மூட்டிய இடம் இடதுபக்கமாக வருகிற மாதிரி பிடித்துப் பார்த்தார். உட்கார்ந்தால் கண் வருகிற உயரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு மூட்டுத் தையலை மட்டும் பிரித்தார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உள்ளிருந்து பார்த்தாலும் தெரியாதுதான், விரலால் விலக்கினாலொழிய. நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "என்னடி பாக்கிறாய்?" என்றார். "ஒண்டுமில்ல ராத்தா" என்றேன்.

பயண நாளன்று காலைச் சாப்பாடு எங்கள் வீட்டில். நஸீறா நல்ல மாதிரி மனுசி. பேசிக்கொண்டேயிருந்தார். இடியப்பத்தைப் பிய்த்தபடி ராத்தாவைக் கேட்டார்: "மீன் பாடுமாமே இங்க? கோட்டை, லைட்ஹவுஸ் எல்லாம் இருக்காம். நீங்க எல்லாம் பார்த்திருப்பீங்கதானே?"

ராத்தா ஒரு கணம் உம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஓம் ஓம். பாக்காம?" என்றார்.

அதுதான் அவர் செய்த பிழை. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த ஒருத்திக்கு முன்னால், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் இந்த ஊரைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வார்? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

வண்டிலில் ராத்தா இடதுபக்கம், பின்திரையோரமாக உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நஸீறா. எதிரே உம்மாவும் நானும். முதலாளி முன்னால் மச்சானோடு ஏறிக்கொண்டார். வானம் மூடிக் கிடந்தது, ஆனால் மழை இல்லை. கல்லடி வரைக்கும் ராத்தா பிளவைத் தொடவில்லை. தொட்டுத் தொட்டுத் துணி வாய் திறந்துவிட்டால் உம்மாவின் கண்ணில் பட்டுவிடும். சில்லின் சத்தம் மாறியதும் அவர் கொஞ்சமாகத் திரும்பி, விரலை வைத்து விலக்கினார்.

வெளிச்சக் கீற்று ஒன்று உள்ளே விழுந்தது. நேராக நஸீறாவின் மடியில்.

"ஆ! ஓட்டை வைச்சிருக்கீங்களா?" என்று நஸீறா சந்தோசத்தில் கூவினார். "நல்ல மூளை! எங்க, கொஞ்சம் தள்ளுங்க ராத்தா. நீங்க பார்த்துப் பழகினதுதானே."

விருந்தாளி. ராத்தா தள்ளினார்.

நஸீறா முகத்தைத் திரையோடு வைத்துக்கொண்டார். பிறகு அந்த முகம் அங்கிருந்து அசையவில்லை. "யா அல்லாஹ், எவ்வளவு தண்ணி! அங்க ஒரு மதில் தெரியுது. அதுதானே கோட்டை? தண்ணிக்குள்ளேயே நிக்குது ராத்தா! ஒரு தோணி போகுது. ஒரு ஆள் நிண்டுகொண்டு வலை வீசுறான், பாருங்க, விரிஞ்சு விழுது, பூ மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். ராத்தா நஸீறாவின் பின்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மீன் பாடுதா எண்டு கேளுங்க," என்று முன்னால் இருந்த முதலாளி சிரித்தார்.

"மாரியில பாடாது முதலாளி," என்றார் மச்சான். "வெயில் காலத்தில, நிலாவுக்கு வரணும்."

"அதுக்கும் குடுத்துவைக்கணும்," என்றார் நஸீறா, முகத்தை எடுக்காமல். "ராத்தாவுக்கென்ன, நினைச்ச நேரம் வந்து கேட்கலாம்."

உம்மா அந்த ஓட்டையைப் பார்த்தார். ராத்தாவைப் பார்த்தார். விருந்தாளிக்கு முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்வார் என்று எனக்குத் தெரிந்தது.

கோட்டை வாசலில் வண்டில் நின்றது. உள்ளே அரசாங்கக் காரியாலயமான கச்சேரி. வழக்குக்கும் காணி விசயத்துக்கும் வந்த ஆட்கள் வாசல் நிறைய நிற்கிறார்கள் என்று மச்சான் வந்து சொன்னார். இறங்க முடியாது. முதலாளி மட்டும் உள்ளே போய்ப் பார்த்து வந்தார். "பழைய பீரங்கி ஒண்டு கிடக்கு" என்றார். நஸீறா பிளவால் வாசலைப் பார்த்து, அதிலே செதுக்கியிருப்பதைப் பற்றிச் சொன்னார். ராத்தா தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

முகத்துவாரத்தில் இறங்கலாம் என்று எல்லாருமே நம்பியிருந்தோம். அங்கே வெளிச்சவீடும் மணலும் கடலும்தான். ஆள் நடமாட்டமே இருக்காது. அல்லாஹ்வின் நாட்டம், அன்றைக்குப் பார்த்து ஆற்றுவாய் வெட்டுகிறார்கள். மாரி மழைக்கு ஆறு நிரம்பி வயல் வட்டைகளுக்குள் ஏறிவிட்டால் விளைந்துவருகிற வேளாண்மை அழுகிப்போகும். ஆகவே ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எந்த நாளில் வெட்டுவது என்று முன்கூட்டித் தெரியாது. மண்வெட்டியோடு ஊர் ஊராக வந்து சேர்ந்திருந்தார்கள். ஒரே ஆண்களின் சத்தம்.

"இறங்க ஏலாது மாமி," என்றார் மச்சான் திரைக்கு வெளியே நின்று. "நூறு இருநூறு பேர் நிக்காங்க. கோவணத்தோட நிக்காங்க."

"வண்டிலைத் திருப்பி நிப்பாட்டு," என்றார் உம்மா உடனே.

திருப்பி நிறுத்தினதில் பிளவு ஆற்றுவாய்ப் பக்கமாக வந்தது. அதை உம்மா கவனிக்கவில்லை. ராத்தா கவனித்தார். நஸீறாவும் கவனித்தார். நஸீறா முந்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு இரைச்சல். அந்த மாதிரி இரைச்சலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. வண்டிலின் தட்டு நடுங்கியது. மாடுகள் கால் மாற்றின.

"உடைஞ்சிட்டு! உடைஞ்சிட்டு!" நஸீறா தொடையில் அடித்துக்கொண்டார். "மணல் அப்படியே சரியுது. ஆறு கடலுக்குள்ள பாயுது ராத்தா! தண்ணி ஒரு பக்கம் மண் நிறம், ஒரு பக்கம் பச்சை. ஆட்கள் ஓடுறாங்க. ஒருவன் விழுந்திட்டான், இல்ல, எழும்பிட்டான்..."

ராத்தா கையைத் தூக்கினார். நஸீறாவின் தோளைத் தொடுவதற்குத்தான். தொட்டு, எனக்கும் ஒருதரம் என்று கேட்பதற்குத்தான். கை பாதியில் நின்றது. அப்படியே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கியது.

மழை தொடங்கியது. முதலாளிக்குப் பட்டினத்துக் கடையொன்றில் அலுவல் இருந்தது. அங்கே இறங்கிக்கொண்டார். அலுவல் முடிந்து மோட்டரில் வருவாராம். திரும்பும்போது நாலு பெண்களும் மச்சானும்தான். நஸீறா களைத்துப்போய், பிளவு இருந்த இடத்திலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அவர் தூங்காதிருந்தாலும் ஒன்றுதான். போகும்போது இடதுபக்கம் இருந்த கோட்டை வரும்போது வலதுபக்கம். அந்தப் பக்கத்தில் ராத்தா தையல் பிரிக்கவில்லை.

சில்லு பாலத்தில் ஏறியது. முழக்கம் கேட்டது. ராத்தா நிமிர்ந்தார்.

"நிப்பாட்டுங்க," என்றார்.

மச்சானுக்குக் கேட்டிருக்காது. அல்லது கேட்காத மாதிரி இருந்தார்.

"நிப்பாட்டுங்க எண்டு சொன்னன்."

"என்ன? ஆருக்கும் ஏலாமப் போச்சா?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. பாலத்தில நிப்பாட்டுங்க. நான் பாக்கணும்."

"பாலத்தில நிப்பாட்டவா? உனக்கு விசரா புள்ள? ஆக்கள் வந்தா?"

"இந்த மழையில ஆர் வரப்போறாங்க? வண்டில் ஆர்ட?"

சில்லு ஓடிக்கொண்டேயிருந்தது.

"வண்டில் ஆர்ட எண்டு கேக்கிறன்."

"உன்ட வாப்பாட."

"வாப்பா காட்டுறன் எண்டு சொன்னது உங்களுக்குத் தெரியுந்தானே? நிப்பாட்டுங்க."

அப்படி ஒரு குரலை நாங்கள் யாரும் அவரிடம் கேட்டதில்லை. சலங்கை நின்றது.

ராத்தா முன்பக்கத் திரையின் கயிற்றைப் பிடித்தார். மழையில் ஊறி முடிச்சுகள் இறுகிவிட்டிருந்தன. அவிழாத மாதிரிதான் அவர் அன்றைக்குக் கயிறு வைத்துத் தைத்திருந்தார். நகத்தால் கிண்டினார். பல்லால் கடித்தார். நானும் ஒரு முடிச்சைப் பிடித்தேன். ஒன்று அவிழ்ந்தது. இன்னொன்று அவிழ மறுத்தது. வெளியே மழை வலுத்துக்கொண்டு வந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. கடைசியில் திரை ஒரு பக்கமாகச் சரிந்தபோது ஈயக்குண்டுகள் அவருடைய முழங்காலில் விழுந்து அடித்தன.

ராத்தா தலையை வெளியே நீட்டினார்.

ஒன்றும் இல்லை. கோட்டை இல்லை, புளியந்தீவு இல்லை, அக்கரை இல்லை. பாலத்தின் இரும்புக் கம்பி கொஞ்சத் தூரத்துக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வானமும் ஆறும் ஒரே சாம்பல் நிறம். மழை பக்கவாட்டில் அடித்து அவருடைய முகத்தை நனைத்தது. ராத்தா பார்த்துக்கொண்டேயிருந்தார். கொஞ்சம் விடும், ஒரு கணத்துக்காவது விடும் என்று பார்த்திருப்பார். விடவில்லை.

நஸீறா முழித்துக்கொண்டு, "ஏன், வந்திட்டோமா?" என்றார்.

"போங்க," என்றார் ராத்தா, மச்சானிடம்.

வீட்டுக்கு வந்து விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுத்து, மோட்டர் வந்ததும் அனுப்பிவைத்தோம். போகும்போது நஸீறா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு ஊரில இருக்கக் குடுத்துவைச்சிருக்கணும்" என்றார். மனதாரத்தான் சொன்னார். ராத்தா சிரித்து, "இன்னொருக்கா வாங்க" என்றார்.

பிறகு விளக்கைக் கொளுத்தி வைத்து, நனைந்த திரையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஊசியால் அடி மடிப்பின் தையலைக் குத்திப் பிரிக்கத் தொடங்கினார். முதல் ஈயக்குண்டு வெளியே வந்தது. பக்கத்திலிருந்த சிரட்டைக்குள் போட்டார்.

மச்சான் மாட்டைக் கட்டிவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"பாத்தயா?" என்றார்.

"தண்ணி," என்றார் ராத்தா.

மச்சான் வாசற்படியில் உட்கார்ந்தார். துவாயைப் பிழிந்தார். பிறகு, எங்களைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசத் தொடங்கினார்.

"மழையில்லாட்டி மதில் ஒரே நிறமா இரிக்காது. தண்ணி தொடுற இடம் கறுப்பு, பாசி. மேல போகப்போக வெளுத்துக்கொண்டு போகும். விடியக்காலையில வெயில் விழக்குள்ள பாக்கணும், தேன் நிறமா வரும். மூலையில கல்லு வெடிச்ச இடத்தில ஒரு ஆலங்கண்டு முளைச்சிரிக்கி. அதில ஒரு கொக்கு. எப்ப போனாலும் அது அங்கதான் நிக்கும். நான் அதைப் பாக்காம வண்டிலைத் திருப்புற இல்ல."

ராத்தாவின் ஊசி நின்றது. அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"இவ்வளவும் தெரிஞ்சுகொண்டா, இத்தனை வருசமாக் கல்லு, கல்லு எண்டு சொன்னீங்க?"

"சொன்னா நீ கேப்பாய்."

"என்னத்தக் கேப்பன்?"

"கூட்டிட்டுப் போங்க எண்டு."

ராத்தா அவரைப் பார்த்தார். எறிவதற்குக் கையில் குண்டுதான் இருந்தது. அதைச் சிரட்டைக்குள் போட்டார், கொஞ்சம் பலமாக.

"வெளிச்சவீட்டுப் பக்கம்..." என்று மச்சான் மறுபடி தொடங்கினார்.

"போதும். சொல்லாதீங்க. மழை விடட்டும், நான் பாத்துக்கொள்றன்."

"ஊரு என்ன சொல்லும் ஸாலிஹா?"

ராத்தா அடுத்த தையலில் ஊசியைக் குத்தினார். உம்மா எங்கள் வீட்டிலிருந்து முற்றத்தைக் கடந்து வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். அவர் விளக்கடியில் குனிந்து, ராத்தா என்ன செய்கிறார் என்று பார்த்தார்.

"தைக்கிறயா, பிரிக்கிறயா?"

"பிரிக்கிறன் பெரியும்மா."

உம்மா சிரட்டையைப் பார்த்தார். பிறகு, "ஈயத்தத் தொலைச்சிராத. அன்னப்பூரணி திருப்பிக் கேப்பா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஈரத் துணியில் தையல் பிரிப்பது லேசல்ல. நூல் ஊறி, துணியோடு துணியாகிவிடும். இழுத்தால் துணிதான் கிழியும். ராத்தா ஒவ்வொரு தையலாகத் தேடிப் பிடித்து அறுத்தார். கூரையில் மழை. இடையிடையே சிரட்டைக்குள் ஒரு குண்டு விழுகிற சத்தம்.